மோ பேர்

டீக் கோப்பையை எடுப்பதற்கு முன்னால் மருதை வலது கையைப் புரட்டி, புறங்கையை அதன் அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தொடுவதில்லை, நடுவில் அரை விரல் இடைவெளி. உதடுகள் மட்டும் “என், தே, த்ருவா” என்று எண்ணுகின்றன. கிரியோல் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஆனதும் கை திரும்பிக் கோப்பையைப் பிடிக்கிறது. கதவுத் தாழ்ப்பாள், பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கம்பி, மனைவி நீட்டும் சோற்றுத் தட்டு, கோயிலில் குருக்கள் காட்டும் கற்பூரத் தட்டு, எதுவானாலும் புறங்கைக்குத்தான் முதல் மரியாதை.

கேட்டால் காரணம் சொல்வார். உள்ளங்கையால் தொட்டுவிட்டால், சூடோ மின்சாரமோ, விரல்கள் தாமாக மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும்; புறங்கை என்றால் வெடுக்கென்று பின்னால் வந்துவிடும். ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் சொல்கிறார், சரிதான். ஆனால் போன வாரம் மழையில் நனைந்து கிடந்த என் செருப்பை உள்ளே எடுத்து வைப்பதற்கும் புறங்கையை நீட்டினாரே, அதற்கு என்ன சொல்வது? எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

நான் மொரீஷியஸுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்து மூன்று வருஷம் ஆகிறது. கான் தெ மாஸ்க் கிராமத்தில், நாலு பக்கமும் கரும்பு நிற்கும் ஒரு தெருவில், மருதை வீட்டு முன்னறையில் குடியிருக்கிறேன். வந்த அன்று என்னை அழைத்துப்போகப் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். பஸ் கூரையிலிருந்து என் டிரங்குப் பெட்டியை ஒற்றைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே அவர் “மோ பேர்” என்றார். கப்பலில் வரும்போதே நாலு கிரியோல் வார்த்தை பொறுக்கி வைத்திருந்தேன். ‘மோ’ என்றால் ‘என்னுடைய’. ஆகா, மனிதர் அறிமுகம் செய்துகொள்கிறார் என்று மகிழ்ந்துபோய், பேரைச் சொல்லட்டும் என்று காத்து நின்றேன். சொல்லவில்லை. “சொல்லுங்க, உங்க பேர்?” என்றேன். அவர் பெட்டியைக் காட்டி மறுபடியும் “மோ பேர், மோ பேர்” என்றார். கயிறு அறுந்து பெட்டி விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி தெய்வானைதான் விளக்கம் சொன்னாள். கிரியோலில் ‘பேர்’ என்றால் பயம். ‘மோ’ என்பது ‘என்னுடைய’ என்றும் ஆகும், ‘நான்’ என்றும் ஆகும். ‘மோ பேர்’ என்றால் ‘எனக்குப் பயமாயிருக்கிறது’. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கேட்கிறேன். மேகம் கறுத்தால் மோ பேர். மேகம் கலைந்தால், கரும்பு காய்ந்துவிடுமே, அதற்கும் மோ பேர். தெய்வானை அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. “அவுங்க அப்டித்தான், வாத்தியாரே. மூச்சு விடுற மாதிரி சொல்வாங்க,” என்றாள்.

உண்மையான பேருக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிறப்பைப் பதிந்த குமாஸ்தா, காதில் விழுந்ததை வைத்து ‘மார்தே’ என்று எழுதிவிட்டாராம். பள்ளிக்கூடத்திலும் மார்தே, ஆலைப் பதிவிலும் மார்தே. பட்டறைக்காரர்கள் அதை இன்னும் கொஞ்சம் முறுக்கி ‘மார்தி’ ஆக்கிவிட்டார்கள். பிரெஞ்சில் செவ்வாய்க்கிழமை. ஐம்பத்திரண்டு வயது மனிதரை, “ஏ செவ்வாய்க்கிழமை, இங்கே வா” என்று கூப்பிடுகிறார்கள். அவரும் போகிறார். அவர் பேரை ஒழுங்காகச் சொல்லும் இடம் கோயில் அர்ச்சனை ஒன்றுதான். சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் வகுப்புக்கு அவர் வருவதே அந்த மூன்று எழுத்தை எழுதத்தான். ‘தை’ எழுதும்போது சங்கிலிக் கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடுவார். ‘ஐ’ ஓசை பின்னால்தானே வருகிறது, கொம்பு ஏன் முன்னால் போகவேண்டும் என்று கேட்பார். ஆறு மாதமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய தமிழ் கோயில் வரைக்கும் போய்த் திரும்பும் தமிழ். கற்பூரம், விரதம், அபிஷேகம், மச்சான், மாமா எல்லாம் சுத்தமாக வரும். அதைத் தாண்டினால் கிரியோல்தான். அதனால் என்னிடம் ஆலை வேலையைப் பற்றிச் சொல்லும்போதும் கோயில் வார்த்தைகளையே எடுத்துப் போடுவார். முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ‘பிரசாதம்’ என்றால் சோதனைக்கு உடைத்தெடுத்த துண்டு. ‘அபிஷேகம்’ என்றால் அமிலம் ஊற்றுவது. இதைக் கேட்டுத்தான் நான் அவர் தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

தொழில், ஒரு சர்க்கரை ஆலையின் லேபில் உதவியாளர். ஆலையின் பேரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. கரும்புச் சக்கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க, அதை அமிலத்தோடு காய்ச்சி வடிப்பார்கள். வாதுமை வாசனையோடு ஃபர்ஃபியூரல் என்ற எண்ணெய் இறங்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அந்த எண்ணெயில் கொஞ்சம் அமிலம் தங்கிவிட்டதைக் கவனிக்காமல் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் குடுவையின் அடியில் கன்னங்கரேலென்று ஏதோ கல்லாக இறுகிக் கிடந்தது. சுரண்டினால் வரவில்லை. சாராயத்தில் கரையவில்லை. தீயில் காட்டினால் உருகவும் இல்லை, பற்றவும் இல்லை. நல்ல குடுவையைப் பாழாக்கியதற்கு லேப் தலைவரிடம் வசவு வாங்கிக்கொண்டார். குடுவையை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். இன்றைக்கும் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அது ஒரு வகைப் பிளாஸ்டிக்காம். பிளாஸ்டிக் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலில் வைத்தால் வளைந்துபோகும் சீப்பும் சோப்புப் பெட்டியும்தான். சூட்டுக்கு அசையாத பிளாஸ்டிக்கா என்று கேட்டேன். அவர் கண்ணில் பயம் போய் வேறொன்று வந்தது. மூன்று வருஷத்தில் அந்த முகத்தை நான் நாலைந்து தடவைதான் பார்த்திருக்கிறேன்.

“காவடி அன்னிக்கி ரோட்டுல ஜனம் போகுது, வாத்தியாரே. வரிசையா கை பிடிச்சுப் போனா, ஒருத்தன் தள்ளினா போதும், பிட்டுக்கும். அஞ்சு பேர் ரோன், வட்டமா கை பிடிச்சா? தள்ளினா திரும்பும், பிட்டுக்காது. அந்த வட்டம் பக்கத்து வட்டத்தையும் பிடிச்சா? சூடு வந்து தள்ளட்டும். என்னா செய்யும்?”

சக்கை எண்ணெயின் ஒவ்வொரு துகளிலும் அப்படி ஐந்து அணுக்கள் கைகோத்த வட்டம் ஒன்று இருக்கிறதாம். சூட்டைத் தாங்கும் சரக்கெல்லாம் இப்படி வட்டங்களைக் கோத்துச் செய்வதுதான் என்று, நகரத்திலிருந்து இரவல் வாங்கி வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் படித்திருக்கிறார். ஆனால் அதில் ஒரு சங்கடம். அந்தக் கறுப்புச் சரக்கில் அவர் பலகை வார்க்கிறார். வட்டமாகவே கோத்தால் பலகை சூட்டுக்கு நிற்கும், கை தவறினால் கண்ணாடியாக நொறுங்கும். நடுநடுவே கொஞ்சம் தளர்ந்த கண்ணியைப் போட்டால் நொறுங்காது. சூட்டில் முதலில் விட்டுப்போவதும் அந்தத் தளர்ந்த கண்ணிதான். எத்தனை வட்டத்துக்கு ஒரு தளர்ச்சி வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு அறுபத்திரண்டு பலகை செய்து பார்த்திருக்கிறார். சக்கை எரிந்த உலைச் சாம்பலைச் சலித்துக் கலப்பார், கல்நார் கலப்பார், அளவை மாற்றுவார். ஒவ்வொன்றையும் ஒரு கரண்டியால் தட்டிக் காது கொடுப்பார். நன்றாக வெந்தது ‘ணங்’ என்னும். உள்ளே குறை இருந்தால் ‘டொக்’. ரொட்டி வாங்கினாலும் தட்டுகிறார், தேங்காய் வாங்கினாலும் தட்டுகிறார், கடைக்காரனுக்குப் பழகிவிட்டது.

பலகையைச் சூட்டடுப்பில் வேகவைப்பதற்கு அவர் வைத்திருக்கும் பேர் ‘விரதம்’. முழுசாக மூன்று நாள். மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றவேண்டும். இறுகும்போது உள்ளேயிருந்து நீர் ஆவியாக வெளியேறும். அவசரப்பட்டால் அது உள்ளேயே மாட்டிக்கொண்டு குமிழியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பிறகு என்றைக்காவது சூட்டில் அந்த இடம் பிளக்கும். தீமிதிக்கு முன்னால் இந்த ஊர்த் தமிழர்கள் பத்து நாள் விரதம் இருக்கிறார்களே, விரதம் முடிக்காமல் குழியில் இறங்கினால் கால் வெந்துபோகும் என்று நம்புகிறார்களே, அதே கணக்குதான் பலகைக்கும் என்பார். அவரே பதினோரு தடவை தீ மிதித்தவர். அதற்கு மட்டும் பயமில்லையாம். விரதத்தை ஒழுங்காக முடித்தால் தீயில் பயப்பட என்ன இருக்கிறது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

இந்த வருஷம் ஜூலையில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, ஆலையின் மின்சார இயந்திரத்தில் ஒரு பலகை பிளந்துவிட்டது. கனத்த மின்கம்பிகள் வெளியே வரும் வாயில், ஒன்றோடொன்று சேராமல் பிடித்து வைத்திருக்கும் பலகை அது. பக்கத்திலேயே நீராவிக் குழாய், சதா கொதிக்கும். பிளந்ததும் பாய்ந்த நெருப்பில், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ளெமானுக்கு இரண்டு கையும் முகமும் வெந்துபோயின. இன்னும் அவர் விரல் மடங்கவில்லை. மாற்றுப் பலகை கிளாஸ்கோவிலிருந்து வரவேண்டும். ஜூன் மாதம் சூயஸ் கால்வாயை மூடிவிட்டதால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு எப்போது வருமோ தெரியாது. அதுவரை ஏதோ ஒட்டுப்போட்டு, பாதிச் சுமையில் ஓட்டினார்கள். வெட்டிய கரும்பு வண்டியிலேயே புளித்தது. அப்போதுதான் தலைமை எஞ்சினியர் மிஸ்யே எட்மோனுக்கு, லேபில் ஒரு கிறுக்கன் கறுப்புப் பலகை செய்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது.

அந்த வாய்க்கு மாட்ட மருதை செய்தது அறுபத்துமூன்றாவது பலகை. அறுபத்துமூன்று நாயன்மார் கணக்கு சரியாக வந்துவிட்டது, இனி என்ன பயம் என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். ஆகஸ்ட் ஏழாம் தேதி, சுதந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் தேர்தல் நாள். ஓட்டுப்போட ஆலைக்கு விடுமுறை, இயந்திரம் நின்றிருந்தது. சாயங்காலம் பலகையை மாட்டி, மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். முழுச் சுமை ஏற்றியும் பலகை தாங்கியது. க்ளெமான் இடத்தில் நிற்க, தெய்வானையின் தம்பி தனராஜைப் போட்டார்கள். இருபத்தாறு வயது, புது வேலை. தெய்வானை அன்று வாழைப்பழப் பணியாரம் சுட்டு அக்கம்பக்கம் எல்லாம் கொடுத்தாள். ஒன்று, புருஷன் செய்த பலகைக்கு. இன்னொன்று, தம்பிக்குக் கிடைத்த வேலைக்கு.

மருதை ஒரு பணியாரம்கூடத் தொடவில்லை. அன்றிலிருந்து அவர் பழைய மருதையும் இல்லை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஆலையின் இரைச்சல் வீடு வரை கேட்கும். அதன் சுருதி ஒரு துளி இறங்கினாலும் சோற்றுக் கை அப்படியே நிற்கும். கழுத்து நீண்டு, கண் எங்கோ நிலைகுத்தி, திரும்ப அது ஏறும் வரை வாயில் இருப்பதை மெல்லமாட்டார். தனராஜ் வேலை முடித்து இந்த வழியாகச் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனால்தான் உடம்பு தளரும். இளைத்துத் துரும்பாகிவிட்டார். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது ஊரே பயந்துகொண்டிருக்கும் வருஷம். சுதந்திரம் வந்தால் என்ன ஆகுமோ என்று பீனிக்ஸ் ஊர்ப் பக்கம் குடும்பம் குடும்பமாக ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மருதையின் பயம் யார் கண்ணில் படப்போகிறது?

செப்டம்பர் கடைசியில் ஒரு பகல், குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். தெய்வானை கடைக்குப் போயிருந்தாள். “வாத்தியாரே, விரதம் முறிஞ்சிருச்சு,” என்றார். எனக்குப் புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். ஏதோ நேர்த்திக்கு விரதம் இருந்து நடுவில் மீன் கீன் சாப்பிட்டுவிட்டார் போல. அதனாலென்ன மருதை, கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தால் போச்சு, சாமி கோவிக்காது என்று பெரிய மனிதன் மாதிரி ஆறுதல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். “ஆறு மணி நேரம்,” என்றார். “ராத்திரி பத்துக்கு முடியணும். நாலு மணிக்கு மிஸ்யே எட்மோன் வந்து கேக்கறான், க்வி? வெந்துச்சா? நான் சொல்லிட்டேன். க்வி.”

கையிலிருந்த வேட்டியை நழுவவிட்டேன். அவர் சொன்னது பலகையின் விரதம். தேர்தல் நாள். அறுபத்துமூன்றாம் பலகை. பக்கத்தில் தனராஜ். ஏன் சொன்னீர்கள் என்று கத்திவிட்டேன். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஓர் எஞ்சினியர் லேபுக்குள் தன்னைத் தேடி வந்தான் என்றார். அவன் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேகவில்லை என்றால் போய்விடுவான், திரும்ப வரமாட்டான் என்று பயம். அப்புறம், நிஜமாகவே வெந்திருக்கலாம் என்று ஓர் ஆசை. சூடாக இருந்ததால் தட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை; ஆறின பிறகுதான் சத்தம் சரியாகக் கேட்குமாம். ஆறவிடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உடனே போய்ச் சொல்லுங்கள் என்று பிடித்துத் தள்ளினேன். போனார். எட்மோனிடம் “மோ பேர், மிஸ்யே” என்று தொடங்கியிருக்கிறார். எட்மோன் சிரித்துவிட்டான். நீ எதற்குத்தான் பயப்படவில்லை, செவ்வாய்க்கிழமை, போய் வேலையைப் பார் என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டான். தனராஜிடமும் சொல்லிப் பார்த்தாராம். அவனும் சிரித்தானாம். முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிச் சொல்லி, உண்மையாகப் பயந்த அன்று அந்த வார்த்தையில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்குக் கோபம் தாங்கவில்லை. “பயத்தைச் சொன்னீங்க, சரி. பொய் சொன்னதைச் சொன்னீங்களா?” என்று கேட்டேன். புறங்கையை நெற்றியருகே கொண்டுபோய், தனக்குத்தானே காய்ச்சல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானே போய்ச் சொல்லியிருக்கலாம், நீ ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அவர் வேலை போய்விடும், தெய்வானை என்ன நினைப்பாள், கிளாஸ்கோ பலகைதான் வந்துகொண்டிருக்கிறதே என்று நானும் நாள் கடத்தினேன். ஆலை இரைச்சலுக்கு நானும் காது கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். தனராஜின் சைக்கிள் மணி கேட்கும் வரை எனக்கும் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் நடுவில் கப்பல் வந்தது. மருதை அன்று என் அறைக்குள் வந்து, என் மேஜைமேல் இருந்த டீயைப் புறங்கை காட்டாமல் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தார். மறுநாள் சாயங்காலம் முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். எட்மோன் கிளாஸ்கோ பலகையைக் கிடங்கில் வைக்கச் சொல்லிவிட்டான். எழுபது நாளாக முழுச் சுமையில் ஓடுகிறது, நம் சொந்தச் சக்கையில் செய்தது, இதற்கு என்ன குறை, வெட்டு முடியும் டிசம்பர் வரை இதுவே இருக்கட்டும் என்றானாம். எல்லோர் எதிரிலும் கையைப் பிடித்துக் குலுக்கினானாம். வாழ்நாள் பூராவும் காத்திருந்த கைகுலுக்கல். அதைச் சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை அவர் வகுப்புக்கு வந்தார். கடைசி பெஞ்சியில் உட்கார்ந்து, சிலேட்டில் தன் பேரை எழுதினார், அழித்தார், எழுதினார். வகுப்பு முடிந்தும் போகவில்லை. “வாத்தியாரே, ஆலைக்கு வரீங்களா? தனியாப் போனா திரும்பிருவேன்,” என்றார். சட்டையை மாற்றிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கூடப் போனேன்.

இயந்திரக் கூடத்தில் காதைப் பிளக்கும் இரைச்சல். தனராஜ் அந்தப் பலகைக்கு இரண்டு முழம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தினான். சுவரோரம் ஒரு சாய்ந்த மேஜை. அதில் இயந்திரப் பதிவேடு. ஆபத்து என்று ஒருவர் அதற்கான கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், காவலுக்கு நிற்பவன் யாரையும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும் என்பது ஆலைச் சட்டம். போட்டவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டம். வெட்டுக் காலத்தில் ஆலையை நிறுத்தினால் எத்தனை வண்டிக் கரும்பு வாசலில் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தக் கட்டம் எல்லாப் பக்கத்திலும் காலியாகவே இருந்தது.

மருதை பேனாவை எடுத்தார். இங்கிலீஷில் நாலு வரி. நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். அறுபத்துமூன்றாம் பலகை முழுதாக வேகவில்லை. ஆறு மணி நேரம் முன்னால் எடுத்தேன். வெந்துவிட்டது என்று பொய் சொன்னேன். நிறுத்தவும். கையெழுத்துப் போடும் இடத்தில் இங்கிலீஷில் மார்தேயின் முதல் எழுத்தைப் போட்டார். நிறுத்தினார். அதை அடித்துவிட்டு, சிலேட்டில் எழுதுவது போல மெதுவாகத் தமிழில் எழுதினார். ம. ரு. அப்புறம் சங்கிலிக் கொம்பு, அதற்குப் பின்னால் த. கொம்பு சரியான இடத்தில் இருந்தது.

தனராஜ் வந்து படித்தான். வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் அப்படியே நின்றான். எண்பத்திரண்டு நாள் அவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். “மச்சான்,” என்றான். போய் விசையை இழுத்தான். இரைச்சல் இறங்கி, இறங்கி, நின்றது. அந்த நிசப்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே முற்றத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது கேட்டது.

குழாய் நீராவியை அடைத்து, மூடியைக் கழற்றி, பலகை ஆறும் வரை மருதை அதன் எதிரில் நின்றார். புறங்கையைப் பிடித்துப் பார்த்தார், எண்ணினார், மறுபடி பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்துத் தட்டினார். ஒரு மூலையில் ணங். இன்னொரு மூலையில் ணங். தனராஜின் ஸ்டூலைப் பார்த்திருந்த மூலையில் டொக். இன்னொரு தடவை தட்டினார். டொக். ஒன்பது வருஷம், அறுபத்துமூன்று பலகை. அவர் முகத்தில் நிம்மதியும் இல்லை, அழுகையும் இல்லை. கரண்டியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போயிருந்த எட்மோன் அதற்குள் சேதி கேட்டு ஓடி வந்துவிட்டான். முகமெல்லாம் சிவந்து, யார் நிறுத்தியது, எவன் நிறுத்தியது என்று கத்திக்கொண்டே வந்தான். தனராஜ் பதிவேட்டைக் காட்டினான். எட்மோன் குனிந்து நாலு வரியையும் படித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. கத்தல் நின்றுவிட்டது. கீழே அடித்திருந்த எழுத்தைப் பார்த்தான், பக்கத்தில் இருந்த மூன்று எழுத்தைப் பார்த்தான். அது அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. விரலை அதன்மேல் வைத்து, இது என்ன என்று கிரியோலில் கேட்டான்.

“மோ பேர்,” என்றார் மருதை.

எட்மோன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். மருதை பதிவேட்டின் பக்கத்தில் வந்து நின்றார். வலது கையைப் புரட்டி, இன்னும் ஈரம் காயாததைப் போல அந்த மூன்று எழுத்துக்கு மேலே புறங்கையைப் பிடித்தார். உதடு அசைந்தது. என், தே, த்ருவா. பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்து, பதிவேட்டை எட்மோன் பக்கம் நகர்த்தினார்.